இடிப்பதற்கு முன் ஒரு படம்... சிகாகோ கட்டடங்களுக்காக உயிரைவிட்ட கேமராக்காரர்!

1972-ம் ஆண்டு, ஏப்ரல் 13. வியாழக்கிழமை. அமெரிக்காவின் சிகாகோ நகரம், லாசால் தெரு. பாதி இடிக்கப்பட்ட நிலையில் ஒரு 13 மாடிக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் நகரத்தின் பங்குச்சந்தை இயங்கிய இடம் அது. அந்தக் கட்டடத்துக்குள் தனியாக நுழைந்தார் 43 வயது ரிச்சர்ட் நிக்கல்.

அவர் கட்டடத்தின் உரிமையாளர் இல்லை. இடிக்கும் கம்பெனியின் ஆளும் இல்லை. போட்டோகிராபர்.

அன்று இரவு நிக்கல் வீடு திரும்பவில்லை. அவருடைய கார் மட்டும் பக்கத்திலேயே நின்றிருந்தது. விஷயம் தெரிந்ததும் நண்பர்கள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து இடிபாடுகளுக்குள் இறங்கித் தேடினார்கள். நாள்கள் போயின. வாரங்கள் போயின. கடைசியில் மே 9-ம் தேதிதான் உடல் கிடைத்தது. மேல்தளம் சரிந்து விழுந்ததில், அடித்தளத்தில் குவிந்துகிடந்த கல், மண்ணுக்கு அடியில் அவர் புதைந்துகிடந்தார்.

ஜூன் மாதம் அவருக்குத் திருமணம் நடப்பதாக இருந்தது.

எப்படியும் தரைமட்டமாகப்போகிற ஒரு கட்டடத்துக்குள் இவர் ஏன் போனார்? ஒரு நாள் போனால் பரவாயில்லை... திரும்பத் திரும்ப ஏன் போனார்? அதற்கு 20 வருடம் பின்னால் போக வேண்டும். எல்லாம் ஒரு கல்லூரி அசைன்மென்ட்டில் ஆரம்பித்தது.

முடியாத அசைன்மென்ட்

நிக்கல் 1928-ல் சிகாகோவில் பிறந்தவர். போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தின் வாரிசு. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்து, முன்னாள் வீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவியில் போட்டோகிராபி படிக்கச் சேர்ந்தார். நடுவில் கொரியப் போர். மறுபடி சீருடை, மறுபடி ராணுவம். அது முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபோது, அவருடைய ஆசிரியர் ஆரோன் சிஸ்கிண்ட் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். சிகாகோவில் லூயி சலிவன் என்ற ஆர்க்கிடெக்ட் கட்டிய கட்டடங்களை எல்லாம் தேடிப்பிடித்துப் படமெடுக்க வேண்டும்.

யார் இந்த லூயி சலிவன்? 1871-ல் சிகாகோவின் பெரும்பகுதி ஒரு தீவிபத்தில் எரிந்துபோனது. சாம்பலிலிருந்து நகரம் மறுபடி எழுந்தபோதுதான் லிஃப்ட்டும் எஃகுச் சட்டமும் சேர்ந்து, உலகம் அதுவரை பார்க்காத உயரமான கட்டடங்கள் வந்தன. அந்த உயரத்துக்கு எப்படி ஓர் அழகைக் கொடுப்பது என்று யோசித்த முதல் ஆள்களில் ஒருவர் சலிவன். அவருடைய பார்ட்னர் டாங்க்மார் அட்லர், இன்ஜினீயரிங் மூளை. அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் பாட்டு தெளிவாகக் கேட்கும்படி கட்டுவதில் அவர் கில்லாடி. இந்த இருவரின் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்துத் தொழில் கற்ற இளைஞர்தான், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஃபிராங்க் லாயிட் ரைட்.

கட்டடத்தின் உருவத்தை அதன் பயன்பாடுதான் தீர்மானிக்க வேண்டும் என்று வாதாடியவர் சலிவன். அதற்காக மொட்டைச் சுவர் எழுப்பவில்லை. சுடுமண் பலகைகளிலும் வார்ப்பிரும்பிலும் கொடியும் இலையும் விதையும் பின்னிப் பின்னிப் படரும்படி வேலைப்பாடுகள் வைத்தார். 1895-ல் இருவரும் பிரிந்தார்கள். அதன்பிறகு சலிவனுக்கு இறங்குமுகம். வேலை இல்லை, காசு இல்லை. 1924 ஏப்ரல் 14 அன்று ஓர் ஓட்டல் அறையில் ஏழையாக இறந்துபோனார்.

அவருடைய கட்டடங்களுக்கும் அதே கதிதான் காத்திருந்தது. 1950-களில் அமெரிக்க நகரங்கள் 'புதுப்பிக்கப்பட்டன'. பழைய பேட்டைகளை மொத்தமாகத் தட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட மத்திய அரசே பணம் கொடுத்தது. வீட்டுக்கு வீடு கார் வந்துவிட்டதால், நகரத்துக்குள் அவற்றை நிறுத்த இடம் தேவைப்பட்டது. 60, 70 வயதான கட்டடம் என்றால் யாருக்கும் அது பாரம்பரியம் இல்லை, வெறும் பழசு. அந்த வயதில்தான் எந்தக் கட்டடத்துக்கும் ஆபத்து அதிகம். 300 வயதானால் கோட்டை என்பார்கள், கும்பிடுவார்கள். 60 வயதில் அது ஒழுகுகிற கூரைதான்!

மாணவர்களின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. மற்றவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நிக்கல் மட்டும் போகவில்லை. அட்லரும் சலிவனும் கட்டிய ஒவ்வொரு கட்டடத்தையும் பட்டியலிட்டு ஒரு முழுமையான புத்தகம் போட வேண்டும் என்று நினைத்தார். பழைய செய்தித்தாள்களையும் கட்டடத் தொழில் பத்திரிகைகளையும் புரட்டினார். தெருத்தெருவாக நடந்தார். அதுவரை யார் பட்டியலிலும் இல்லாத கட்டடங்களைக்கூடக் கண்டுபிடித்தார். கொடுமை என்னவென்றால், அவர் கண்டுபிடிக்கிற வேகத்துக்கு ஈடுகொடுத்து இடிக்கும் இயந்திரமும் வந்துகொண்டிருந்தது. சில கட்டடங்களை அவர் முதல்முறையாகப் பார்ப்பதற்கும் அவை இடிபடுவதற்கும் அதிக இடைவெளி இருக்கவில்லை.

வெயிலுக்குக் காத்திருக்கும் வேலை

இன்றைக்கு நாம் எடுப்பதுபோல் கிளிக், கிளிக் என்று 200 படம் எடுத்துத்தள்ளும் வேலை இல்லை அது. நிக்கல் பயன்படுத்தியது ஸ்டாண்டில் நிற்கும் பெரிய பெட்டி கேமரா. தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தகடு ஃபிலிம். அடுத்த படத்துக்கு அடுத்த தகடு.

இந்தக் கஷ்டத்துக்குப் பலன் உண்டு. உயரமான கட்டடத்தைச் செல்போனில் அண்ணாந்து எடுத்துப் பாருங்கள். மேலே போகப் போகச் சுவர் உள்ளே சாய்ந்து, கட்டடம் பின்பக்கம் விழுவதுபோல் தெரியும். பெட்டி கேமராவில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி அந்தச் சாய்வைச் சரிசெய்யலாம். செங்குத்தான சுவர் படத்திலும் செங்குத்தாகவே நிற்கும். அப்படி எடுத்தால்தான் பிற்பாடு அந்தப் படத்தை வைத்து அளவு கணக்கிட முடியும்.

வெளிச்சமும் முக்கியம். சலிவனின் சுடுமண் வேலைப்பாடு புடைப்புச் சிற்பம் மாதிரி. நேர் வெயிலில் எடுத்தால் தட்டையாகிவிடும். சூரியன் பக்கவாட்டில் சாயும் நேரத்தில்தான் ஒவ்வோர் இலைக்கும் நிழல் விழும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தார் நிக்கல். வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவ்வப்போது ஆர்க்கிடெக்ட்களுக்குப் படமெடுத்துக் கொடுத்து வரும் காசுதான். பல வருடம் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்.

ஒரு தியேட்டருக்காகப் போராட்டம்

சிகாகோவின் ராண்டால்ஃப் தெருவில் இருந்தது காரிக் தியேட்டர். 1892-ல் கட்டி முடிக்கப்பட்டது. 17 மாடி, அதற்குள் சுமார் 1,300 பேர் உட்காரும் அரங்கம். மேடையைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாகப் பொன்னிற வளைவுகள். நாடக அரங்கம், சினிமா தியேட்டர், டி.வி. ஸ்டூடியோ என்று கால மாற்றத்துக்கேற்ப வேஷம் மாற்றிப் பார்த்தது. லாபம் வரவில்லை. 1960-ல் அதை இடித்துவிட்டு கார் பார்க்கிங் கட்ட முடிவானது.

கூச்ச சுபாவமுள்ள நிக்கல் அப்போது தெருவுக்கு வந்தார். கடிதங்கள் எழுதினார். ஆர்க்கிடெக்ட்களையும் மாணவர்களையும் திரட்டி, தியேட்டர் வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அழகான கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற ஜனங்கள் தெருவில் இறங்குவது அந்த ஊருக்குப் புதிது. மேயர் ரிச்சர்ட் டேலியின் நிர்வாகம் இடிப்பதற்கு அனுமதி தர மறுத்தது. உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சொந்த இடத்தில் இருக்கும் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று தடுக்க அன்றைய சட்டத்தில் வழி இல்லை. தீர்ப்பு உரிமையாளர்கள் பக்கம் வந்தது.

1961-ல் காரிக் இடிக்கப்பட்டது. ஆனால், போராட்டத்துக்கு ஒரு பலன் கிடைத்தது. வேலைப்பாடுகளைக் கழற்றி எடுக்க அவகாசமும் பணமும் ஒதுக்கப்பட்டன. நிக்கல், ஜான் வின்சி என்ற இளம் ஆர்க்கிடெக்ட், டேவிட் நோரிஸ் ஆகியோர் உளியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள்.

நம்மூரில் பழைய வீடு இடிபடும்போது கதவு, நிலை, உத்தரம், தூண் எல்லாவற்றையும் விலைபேசி வாங்கிப்போக ஆள் வருவார்கள் அல்லவா? அங்கேயும் அந்த வியாபாரம் உண்டு. நிக்கலின் வழி வேறு. ஒரு துண்டைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த இடத்திலேயே படமெடுப்பார். எந்த மாடி, எந்தச் சுவர், எதற்குப் பக்கத்தில் எது என்று குறித்துக்கொள்வார். இடம் தெரியாத சிற்பம் வெறும் அலங்காரப் பொருள்தான். இடம் தெரிந்தால் அது சாட்சி.

காரிக்கின் துண்டுகள் பல அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போய்ச்சேர்ந்தன. தியேட்டர் இருந்த இடத்தில் எழும்பிய கார் பார்க்கிங் கட்டடத்தின் முகப்பில், காரிக்கின் வேலைப்பாட்டை கான்கிரீட்டில் நகலெடுத்து ஒட்டினார்கள். இடித்தவர்களுக்கே கொஞ்சம் உறுத்தியிருக்கும்போல!

அதன்பிறகு நிக்கலுக்கு இதுவே வேலையாகிவிட்டது. பெற்றோர் வீட்டில் சுடுமண் பலகைகளும் இரும்பு வேலைப்பாடுகளும் குவிந்தன. 1965-ல் அந்தச் சேகரிப்பை எட்வர்ட்ஸ்வில் ஊரில் உள்ள தெற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது.

500 வருடம் தாங்க வேண்டும்

நிக்கல் ஒற்றையாளாக அலைந்தாலும், இடிபடுவதற்கு முன் கட்டடங்களைப் பதிவுசெய்வது அவர் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்க அரசிடமே அதற்கு ஒரு திட்டம் இருந்தது. அது பிறந்த கதை சுவாரஸ்யமானது.

1933. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கிடந்தது. கட்டட வேலையே நடக்காததால் ஆர்க்கிடெக்ட்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். தேசியப் பூங்காத் துறையில் இருந்த சார்லஸ் பீட்டர்சன் என்ற இளம் அதிகாரி, அந்த நவம்பரில் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். வேலையில்லாத 1,000 ஆர்க்கிடெக்ட்களுக்குப் பத்து வாரம் சம்பளம் கொடுங்கள். நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து தருவார்கள் என்பதுதான் விஷயம். சீக்கிரமே ஒப்புதல் கிடைத்தது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க அமெரிக்கக் கட்டடங்களின் ஆய்வு' என்ற அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதுவும் அதன் துணைத் திட்டங்களும் சேர்ந்து 40,000-க்கும் மேற்பட்ட இடங்களைப் பதிவு செய்திருக்கின்றன. எல்லாம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். காரிக் தியேட்டரைத் தேடினால் நிக்கல் எடுத்த படங்களே வரும்.

ஒரு முழுமையான பதிவில் மூன்று விஷயங்கள் இருக்கும். அளந்து வரைந்த வரைபடம், பெரிய ஃபிலிமில் எடுத்த புகைப்படம், எழுதப்பட்ட வரலாறு. படம் இருந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. சுவர் எவ்வளவு கனம், மாடிக்கும் மாடிக்கும் நடுவில் உத்தரம் எப்படிப் போகிறது, ஜன்னல் சட்டத்தின் வளைவு என்ன என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதற்கு டேப் பிடித்து அளக்கத்தான் வேண்டும்.

ஒருவர் அளவைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் சின்னச் சின்னத் தவறுகள் சேர்ந்து கடைசியில் அடிக்கணக்கில் உதைக்கும். அதனால் டேப்பின் முனையை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, எல்லா அளவையும் அங்கிருந்தே தொடர்ச்சியாக எடுப்பார்கள். அறை சதுரம்தானா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும். சுவர் நேராக நிற்கிறதா என்பதற்கு நம் கொத்தனார்கள் பிடிக்கும் அதே தூக்குக்குண்டுதான். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவு குறித்த ஒரு கம்பு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு உயரம் புரிவதற்காக.

இத்தனையும் செய்துவிட்டு, அதை எதில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. இந்தப் பதிவுகள் 500 வருடம் தாங்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. தாளும் மையும் ஃபிலிமும் அதற்கேற்றபடி தேர்வு செய்யப்படுகின்றன. போன வருடம் வாங்கிய பென் டிரைவ் எங்கே இருக்கிறதென்று தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும்.

பங்குச்சந்தைக் கட்டடத்தின் கடைசி நாள்கள்

நிக்கல் உயிரைவிட்ட பங்குச்சந்தைக் கட்டடமும் அட்லர் - சலிவன் கூட்டணி கட்டியதுதான். 1894-ல் முடிந்தது. வாசலில் பிரமாண்டமான கல் வளைவு. இரண்டாம் தளத்தில் வர்த்தகக்கூடம். அதன் சுவரும் கூரையும் முழுக்க ஸ்டென்சில் வைத்துத் தீட்டிய பல வண்ணக் கோலங்கள், மேலே வண்ணக் கண்ணாடிகள்.

மண்ணுக்குக் கீழேயும் ஒரு விசேஷம் இருந்தது. சிகாகோ மண் சேறு. வழக்கமாக மரத்தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, அதன்மேல் கட்டடம் எழுப்புவார்கள். பக்கத்தில் ஒரு செய்தித்தாளின் அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூணை அடித்தால் அதிர்ச்சியில் அவை பாதிக்கும். அதனால் அந்தப் பக்கம் மட்டும் ஆள்களை இறக்கிக் கிணறுபோல ஆழமாகத் தோண்டி, அதில் கான்கிரீட் நிரப்பி அஸ்திவாரம் போட்டார்கள். சிகாகோவின் வானளாவிய கட்டடங்கள் பிற்பாடு இந்த முறையில்தான் வேர் ஊன்றின.

பங்குச்சந்தை 1908-லேயே வேறு இடத்துக்குப் போய்விட்டது. கட்டடம் அலுவலகமாகத் தொடர்ந்தது. 1968-ல் சிகாகோவில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்துவிட்டதால், இதையாவது காப்பாற்றிவிடலாம் என்று நம்பினார்கள். நகரின் பாரம்பரியக் கமிஷனும் பரிந்துரை செய்தது. நகர சபை ஏற்கவில்லை. அந்த இடத்தில் உயரமான அலுவலகக் கோபுரம் வந்தால் வரி கூடும், வாடகை கூடும் என்ற கணக்கே ஜெயித்தது. 1971-ன் இறுதியில் இடிப்பு ஆரம்பித்தது.

சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகம் வர்த்தகக்கூடத்தை எடுத்துவைக்க முன்வந்தது. வேலை ஜான் வின்சிக்கும் நிக்கலுக்கும் வந்தது. மேலே கட்டடம் இடிபட்டுக்கொண்டிருக்க, கீழே இவர்கள் தூண்தலைப்புகளையும் ஸ்டென்சில் துணிகளையும் கண்ணாடிகளையும் பத்திரமாகக் கழற்றினார்கள். கூடம் வெளியே வந்துவிட்டது. வேலை முடிந்தது. கூலியும் வாங்கியாகிவிட்டது.

நிக்கல் மட்டும் மறுபடி மறுபடி உள்ளே போனார். அங்கே ஒரு படிக்கட்டின் கம்பி, இங்கே ஒரு சுடுமண் துண்டு, இன்னும் எடுக்காத ஒரு படம். இடிப்பு முன்னேற முன்னேற, அதுவரை சுவருக்குள் மறைந்திருந்தவை வெளியே தெரியும். அதைப் பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். மறுநாள் அது இருக்காது. எந்தத் தளம் எதன் பலத்தில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு நாளில்தான், அந்த ஏப்ரல் 13-ல், அவர் தனியாகப் போனார்.

சலிவன் இறந்து 48 வருடம் நிறைய ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. சலிவன் அடக்கம் செய்யப்பட்ட அதே கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில்தான் நிக்கலையும் அடக்கம் செய்தார்கள்.

எடுத்தாச்சு, இடிக்கலாம்!

வர்த்தகக்கூடம் 1976-77-ல் அருங்காட்சியகத்துக்குள் மறுபடி எழுந்தது. எடுத்துவைத்த துண்டுகளையும் படங்களையும் வைத்து, தொலைந்துபோன இடங்களை அதே வண்ணத்தில் நிரப்பினார் வின்சி. நிக்கலும் அவரும் கழற்றிய கூடத்துக்குள் இன்று யாரும் போய் நிற்கலாம். வாசல் வளைவு அருங்காட்சியகத்துக்கு வெளியே, எந்தக் கட்டடத்துக்கும் வாசலாக இல்லாமல், தனியாக நிற்கிறது. படிக்கட்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பங்குச்சந்தைக் கட்டடத்துக்காகக் கூடிய குழு, இல்லினாய்ஸ் மாநிலம் முழுக்கப் பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் பேசும் அமைப்பாக இன்றும் இயங்குகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. 1966-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டத்தால் பாரம்பரியக் கட்டடத்துக்குச் சேதம் என்றால், அதற்கு ஏதாவது ஈடு யோசிக்க வேண்டும். பல நேரங்களில் அந்த ஈடு என்னவாக முடிகிறது தெரியுமா? 'முழுமையாகப் பதிவு செய்துவிட்டு இடிக்கலாம்.' காப்பாற்ற வழி தேடுகிறவர்களின் கடைசி ஆயுதமாக இருந்த ஒன்று, இடிக்க நினைப்பவர்களுக்கு முதல் சமாதானமாகிவிட்டது. ஃபைலில் படம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, அப்புறம் என்ன? கோயிலை இடித்துவிட்டு உற்சவரை மட்டும் மியூசியத்தில் வைத்தால் கோயில் இருப்பதாக அர்த்தமா என்ன!

நிக்கலுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் கேமராவோடு நிற்காமல் அட்டையும் பிடித்தார். காரிக் விஷயத்தில் முதலில் தடுக்கத்தான் பார்த்தார். தோற்ற பிறகுதான் உளியை எடுத்தார். அந்த வரிசை முக்கியம்.

கருவிகள் இப்போது நிறைய மாறிவிட்டன. 2010-ல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர், பாரிஸின் நோட்ர டாம் தேவாலயத்தை 50-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து லேசர் மூலம் ஸ்கேன் செய்தார். 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். 2018 நவம்பரில் அவர் இறந்துபோனார். ஐந்தே மாதம், 2019 ஏப்ரல் 15-ல் தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள, மீட்டுக் கட்டியவர்களுக்கு அவருடைய ஸ்கேன் உதவியது. ஆனாலும் பூச்சுக்கு அடியில் எத்தனை வண்ணம் இருக்கிறது, அந்த அறையை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று லேசருக்குத் தெரியாது. அதை ஆள்தான் கேட்டு எழுத வேண்டும்.

அந்தக் கேட்டு எழுதும் வேலைக்குச் சிகாகோ போக வேண்டியதில்லை. தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போகிறார்கள் என்றால், சாமான்களைக் காலி செய்த பிறகு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். வெளியே இருந்து நேராக ஒன்று. கதவு, நிலை, தரை, ஓடு எல்லாவற்றையும் ஒரு டேப்பைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். நீள அகலம் அளந்து ஒரு தாளில் குத்துமதிப்பாகவாவது வரையுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரை உள்ளே அழைத்துப்போய், போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, ஒவ்வோர் அறையாக நடக்கச் சொல்லுங்கள். எந்த அறையில் பிரசவம் நடந்தது, நெல் எங்கே கொட்டிவைத்தார்கள் என்பதெல்லாம் தானாக வரும். உடைந்த இடத்துக்குள் போகாதீர்கள். இடிப்பு தொடங்கிவிட்டால் வெளியிலிருந்தே எடுங்கள்.

நிக்கல் எழுத நினைத்த புத்தகம் அவர் உயிரோடிருந்தவரை வரவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னொரு கட்டடம் கிடைக்கும், இன்னும் ஒரு படம் பாக்கியிருக்கும், தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். அவர் விட்டுப்போன படங்களையும் குறிப்புகளையும் நண்பர்கள் கட்டிக்காத்தார்கள். வின்சியும் வார்ட் மில்லர் என்பவரும் சேர்ந்து வேலையை முடித்து, அட்லர் - சலிவன் கட்டடங்கள் அத்தனையையும் சொல்லும் பெரிய புத்தகமாக 2010-ல் கொண்டுவந்தார்கள். நிக்கல் இறந்து 38 வருடம் கழித்து, ஆசிரியர்கள் பெயரில் அவருடைய பெயரும், அந்த அசைன்மென்ட்டைக் கொடுத்த சிஸ்கிண்டின் பெயரும் அதில் இருந்தன. சுமார் 15,000 படங்களும் ஆவணங்களும் அதே ஆண்டு சிகாகோ கலைக்கழகத்தின் நூலகத்துக்குப் போயின. வர்த்தகக்கூடம் இருக்கும் அதே வளாகம்.